கீழ்க்கண்டத்துக்கு நாலு கொட்டை

ஸைனம்புவின் வீட்டில் ஒரேயொரு சாக்கு விதைநெல் மிஞ்சியிருந்தது. பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவில், எலி ஏறாதபடி பலகை போட்டு அதை வைத்திருந்தாள். சோற்றுக்கு நெல் இல்லாத நாட்களிலும் அந்தச் சாக்கின் வாயை அவள் அவிழ்க்கவில்லை. தண்ணீர்க் கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்தாள். கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் அந்த நெல் வயலுக்குப் போகும். கிடைக்காவிட்டால் பானைக்குப் போகும். விதைநெல்லைத் தின்றபிறகு வயலை வைத்திருக்க முடியாது என்பதைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த வயல் உம்மாவின் சீதனமாக இருந்து அவளுக்குச் சீதனமாக வந்தது. நாளைக்கு மகள் சபூறாவுக்குப் போகவேண்டியது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடும் காணியும் பெண்வழியில்தான் போகும். ஆண்பிள்ளை தங்கச்சிக்கு உழைத்துக் கொடுத்துவிட்டு, கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். வயல் இல்லாத பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவது அருமை. ஸைனம்புவின் புருஷன் மௌத்தாகி அடக்கம் செய்து மூன்றாம் வருடம். சபூறாவுக்கு வயது பதினாறு.

ஸைனம்புவின் கூடப்பிறந்த மூத்தவர், அவள் காக்கா என்று கூப்பிடும் மசூர்தான் கொக்குமுனை வட்டை என்ற வயல்வெளிக்கு விதானையார். வட்டவிதானை என்றால் குளத்து மடையைத் திறக்கவும் பூட்டவும், வாய்க்கால் வெட்டுவிக்கவும், யாருக்கு எப்போது தண்ணீர் என்று சொல்லவும் வயல்காரர்கள் சேர்ந்து வைக்கும் ஆள். மசூரை வைத்ததற்குக் காரணம், அந்த வட்டைக்குள் அவருக்கு ஒரு வரம்புகூடச் சொந்தமில்லை என்பதுதான். உம்மாவின் காணி தங்கச்சிக்குப் போய்விட்டது. சித்தி லைலா என்ற அவர் மனைவியின் காணி நாவிதன்வெளிப் பக்கம். ஒன்றுமில்லாதவன் ஓரம் பேசமாட்டான் என்று சனம் நினைத்தது. மனிதருக்குக் காணி மட்டுமா ஆசை? நல்ல பேருக்கும் ஆசை உண்டு என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வட்டையில் மூன்று கண்டம். மடைக்குக் கிட்ட மேல்கண்டம். அதில் பெரும்பகுதி பெரிய காணிக்காரர் ஸைனுலாப்தீன் போடியாருடையது. அடுத்தது நடுக்கண்டம், அதில் பாண்டிருப்பு ஊர் ஆட்களும் எங்கள் ஆட்களும் கலந்து இருந்தார்கள். கடைசியில் கீழ்க்கண்டம். அங்கே முப்பது சில்லறைக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. மாரியில் வெள்ளம் வந்து நிற்பதும் அங்கேதான். மேலே உள்ளவன் மாரிப் பயிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, கீழ்க்கண்டத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுகின பயிரைப் பார்ப்பான். அவனுக்குச் சோறு போடுவது வெயில்காலத்தில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோகம் ஒன்றுதான். அந்தச் சிறுபோகமும் இரண்டு வருடமாக இல்லை. முதல் வருடம் கூட்டத்தில் மண்வெட்டிப் பிடியால் அடிபட்டு, பலமுள்ள பக்கம் தண்ணீர் போனது. அடுத்த வருடம் குளக்கட்டு உடைந்து, மிஞ்சிய தண்ணீர் மேல்கண்டத்துக்கே காணவில்லை. கல்லோயா அணைத் தண்ணீர் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் வட்டைப் பக்கம் தலைகாட்டவில்லை.

இந்த வருடமும் குளத்தில் பாதித் தண்ணீர். ஒரு கண்டத்துக்கு மட்டும்தான் காணும். அடிபிடி இல்லாமல் தீர்க்க மசூர் ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல வழிதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று கண்டத்துக்கும் மூன்று சிரட்டை. தண்ணீர் கொடுப்பதென்றால் என்னென்ன பார்க்கவேண்டும் என்று கூட்டம் சொல்லும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வீணாகும், எந்த மண் ஈரம் பிடிக்கும், எத்தனை குடும்பம் பிழைக்கும், எவன் உழுது தயாராக இருக்கிறான், யாருக்குப் போன போகங்களில் தண்ணீர் இல்லாமல் போனது. ஒவ்வொரு விசயத்துக்கும் பத்துப் புளியங்கொட்டை. அந்தப் பத்தை மூன்று சிரட்டைக்கும் நியாயம் பார்த்துப் பங்கிடவேண்டும். கடைசியில் எந்தச் சிரட்டையில் கூடவோ அந்தக் கண்டத்துக்குத் தண்ணீர். கை பலமும் வாய் பலமும் இதில் எடுபடாது.

இந்த வழியில் போனால் கீழ்க்கண்டத்துக்குத்தான் தண்ணீர் என்று எல்லோருக்கும் கூட்டத்துக்கு முன்பே விளங்கிவிட்டது. மண்ணும் அவர்கள் பக்கம், குடும்பமும் அவர்கள் பக்கம், போன போகங்களும் அவர்கள் பக்கம். ஸைனம்பு முற்றத்தில் சாணி மெழுகி, விதைநெல்லை ஒரு நாள் வெயில் காட்டவும் தொடங்கினாள்.

அப்போதுதான் ஊர்வாய் திறந்தது. தங்கச்சி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் விதானையார் சிரட்டை வித்தை காட்டுகிறார் என்று ஒருவன் தேத்தண்ணிக் கடையில் சொன்னான். அது மசூரின் காதுக்கு வந்துசேர அதிக நேரம் எடுக்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலால் வெளியே வரும்போது ஸைனுலாப்தீன் போடியார் அவர் தோளில் கைபோட்டு, நாலுபேர் கேட்கத்தக்கதாகக் கதைத்தார்.

"ஊரான் என்னவும் கதைக்கட்டும். மசூர் விதானையார் தங்கச்சி எண்டும் பாக்கமாட்டாரு, தாய் எண்டும் பாக்கமாட்டாரு. எனக்குத் தெரியும்."

ஏசியிருந்தால் மசூர் திருப்பி ஏசியிருப்பார். புகழ்ந்த மனிதனுக்கு என்ன செய்வது? அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சித்தி லைலா பிறகு சொன்னாள். நல்ல பேரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் போடியார். அதைக் கீழே போடாமல் வைத்திருப்பது இனி மசூரின் வேலை.

கூட்டம் குளக்கட்டில் மருதமர நிழலில் கூடியது. பாயில் மூன்று சிரட்டை. விதானையார் கையில் ஒரு பை நிறையக் கொட்டை. விசயத்தை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வாய்க்கால் வீண் என்ற விசயத்தில் மேல்கண்டம் அள்ளிக்கொண்டது. மடையடியில் இருக்கிறது, அதில் வாதாட ஒன்றுமில்லை. மண்ணிலும் குடும்பத்திலும் கீழ்க்கண்டம் முந்தியது. உழுது தயாரானதில் மறுபடியும் மேல்கண்டம். போடியாரிடம் எருமையும் ஆளும் இருந்தது, கீழ்க்கண்டத்தான் தண்ணீர் உண்டா இல்லையா என்று தெரியாமல் யாரிடம் மாடு கேட்பான்? நாலு விசயம் முடிந்தபோது மேல்கண்டத்துச் சிரட்டையில் பதினேழு, கீழ்க்கண்டத்தில் பன்னிரண்டு. யாரும் கவலைப்படவில்லை. போன போகங்கள் என்ற விசயம் இன்னும் பாக்கி. அந்தப் பத்தில் குறைந்தது எட்டு கீழ்க்கண்டத்துக்குத்தான் வரும்.

விதானையார் பைக்குள் கையை விட்டு நாலு கொட்டையை எடுத்துப் பாயில் வைத்தார்.

மிச்சத்தை எடுப்பார் என்று சனம் பார்த்திருந்தது. அவர் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். போன போகம் போனதுதான், தண்ணீரை முன்னுக்குப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும், பழசுக்குப் பத்துக் கொட்டை அதிகம், நாலு போதும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிழையான காரியத்துக்கு அழகான காரணம் தேடுவதில் நமது ஆட்களை வெல்ல முடியாது.

நடுக்கண்டத்துப் பாண்டிருப்புக் கனகரெத்தினம் எழும்பி நின்றார். அவருக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

"விதானையார், இது சரியில்ல. மத்ததுக்கெல்லாம் பத்து வச்சிட்டு இதுக்கு மட்டும் நாலெண்டா என்ன நியாயம்? ரெண்டு போகமா அந்தச் சனம் பட்டினி. பத்தை வைங்க."

மசூர் மடியில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அங்கே என் தங்கச்சியின் வயல் இருக்கிறது, அதனால் அந்த விசயத்தில் நான் கை நீட்டமுடியாது, நாலுக்கு மேல் வைக்கவேமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார். கனகரெத்தினம் கீழ்க்கண்டத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் கேளுங்கள் என்பது அந்தப் பார்வை. முப்பது பேர் இருந்தார்கள். ஒருவனும் நாக்கின்மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொந்தத் தங்கச்சியின் வயிற்றில் அடித்த மனிதனிடம் போய், என் வயிற்றில் அடிக்கிறாயே என்று எப்படிக் கேட்பது? வேறு யாராவது விதானையாக இருந்து இதைச் செய்திருந்தால் மண்வெட்டிப் பிடி பறந்திருக்கும்.

நாலு கொட்டையும் கீழ்க்கண்டத்துச் சிரட்டைக்கே போனது. பதினாறு. மேல்கண்டம் ஒரு கொட்டையால் வென்றது.

போடியார் எழும்பிவந்து மசூரின் இரண்டு கையையும் பிடித்தார். நீதியென்றால் இதுதான் நீதி என்றார். வேறு பலரும் வந்து கைகொடுத்தார்கள். ஊருக்குள் திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையில் அவரை ஏசியவனே எழும்பி வாங்குப் பலகையில் இடம் கொடுத்தான். மசூருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்த மனிதர் அன்றைக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தார்.

தங்கச்சி வீட்டுக்குப் போக அவருக்குச் சில நாள் எடுத்தது. போனபோது முற்றத்து அடுப்பில் பெரிய சட்டி ஏறியிருந்தது. சபூறா தென்னம்பாளையைத் தள்ளி எரித்துக்கொண்டிருந்தாள். பெட்டகத்தடியில் இருந்த சாக்கு வெறுமையாக வேலியில் கிடந்தது. அவித்த நெல் முளைக்காது. ஆவி மணம் முற்றம் முழுக்க நின்றது. மசூர் வேலியில் கிடந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருக்கலாமே என்றார்.

அவள் அவருக்கு வாங்கை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஏசவில்லை.

"என்னத்துக்குக் காக்கா பொறுக்கிற? நீங்கதானே தீர்த்தீங்க."

அவர் சமாதானம் சொன்னார். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்றார். அல்லாஹ்வுக்கு முன்னால் நாளைக்குப் பதில் சொல்லவேண்டாமா என்றார். உம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பா என்றும் சொன்னார். ஸைனம்பு அகப்பையால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அந்த வயல் இன்னும் உம்மாவுடையதாகவே இருந்திருந்தால் அவர் எத்தனை கொட்டை வைத்திருப்பார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவள் அல்ல. காக்காவோடு எதிர்த்துக் கதைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

அந்த ஆவி மணம் மசூரை விடவில்லை. மனைவியிடம் போய், உன் காணி நெல்லில் இரண்டு சாக்கு தங்கச்சிக்கு விதைக்குக் கொடு என்று கேட்டார். சித்தி லைலா கெட்டவள் அல்ல. கொடுக்கிறேன், ஆனால் தண்ணீர் இல்லாத வயலில் விதைநெல்லைக் கொண்டுபோய்க் கொட்டுவதா என்று கேட்டாள். ஒரு மரக்கால் அரிசி அளந்து, அதைச் சபூறாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

பிறகு போடியாரிடம் போனார். மேல்கண்டத்துப் பயிர் நிமிர்ந்துவிட்டது, இரவில் வாய்க்காலால் கழியும் தண்ணீரைக் கீழே விட்டால் ஒரு சில துண்டாவது பச்சை பிடிக்கும், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். இதுவரைக்கும் யாரிடமும் கேட்டுப் பழகாத மனிதர். போடியார் அவரை உட்காரவைத்து வெற்றிலைத் தட்டைத் தள்ளிக் கொடுத்தார்.

"நீங்க வச்ச சட்டத்த நீங்களே மீறுறதா விதானையார்? தங்கச்சிக்காகத்தான் கேக்கிறாரெண்டு சனம் கதைக்கும். உங்கட பேர் கெட்டுப்போகும். எனக்கு மனசு கேக்காது."

மசூர் வெற்றிலையை எடுக்காமல் எழும்பி வந்தார். தானே கட்டிய வரம்புக்குள் தானே அடைபட்டுப்போனார். கழிவுத் தண்ணீர் வாய்க்கால் முனையில் சேற்றில் இறங்கி வீணாகிக்கொண்டே இருந்தது. கொக்குகள் நின்றன.

அந்த ஆவணியில் மேல்கண்டத்தில் சூடடித்த நெல் வண்டிகள் கல்முனைக்குப் போனபோது, கீழ்க்கண்டத்தில் மண் பாளம்பாளமாக வெடித்திருந்தது. மாரி வந்தது. ஸைனம்பு யாரிடமோ கடன்பட்டு வாங்கிய நெல்லைத் துணிந்து விதைத்தாள். கார்த்திகையில் வெள்ளம் ஏறி ஒன்றும் மிஞ்சவில்லை. அதுவும் எப்போதும் நடப்பதுதான், கீழ்க்கண்டத்தில் மாரியை நம்பி விதைப்பவர்கள் வேறு வழியில்லாதவர்கள்.

தைமாதம் அவள் வயலை ஸைனுலாப்தீன் போடியாருக்கு எழுதிக் கொடுத்தாள். அவள் மட்டுமல்ல, கீழ்க்கண்டத்தில் இன்னும் சில குடும்பங்களும் கொடுத்தன. பத்திரம் எழுதும் கச்சேரியடிக்குக் கூடப்போய்ச் சாட்சிக் கையெழுத்து வைக்க ஆண்பிள்ளை ஒருவன் வேண்டும். அவளுக்கு இருந்த ஆண்பிள்ளை காக்காதான். மசூர் போனார். சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்தார். எழுத்து முடிந்ததும் போடியார், விதானையாரின் தங்கச்சி என்றபடியால் நான் குறைவாகக் கேட்கவில்லை, நல்லபடியாகத்தான் முடித்திருக்கிறேன் என்றார். உண்மையும் அதுதான், மற்றவர்களைவிட அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான் கொடுத்தார்.

அந்தக் கிழமையே சபூறாவுக்குக் கேட்டு மருதமுனையிலிருந்து வந்துகொண்டிருந்த தறிக்காரப் பையன் வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஸைனம்பு போடியார் வீட்டு நெல்லைக் குற்றிக் கொடுத்து, தவிட்டையும் குறுநொய்யையும் கூலியாக வாங்கத் தொடங்கினாள். தாயும் மகளும் உரலின் இரண்டு பக்கமும் நின்று மாறி மாறிக் குற்றினார்கள்.

அடுத்த வருடமும் குளம் பாதிதான். மறுபடியும் மருதமரம், மறுபடியும் மூன்று சிரட்டை. சனத்துக்கு அந்த முறை பிடித்துப்போயிருந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போன போகங்கள் என்ற விசயம் வந்தபோது கனகரெத்தினம் எழும்பத் தயாரானார். தேவையில்லாமல் போனது. விதானையார் பையைத் திறந்து, பத்துக் கொட்டையும் எண்ணி வைத்தார். இந்தமுறை அந்தக் கண்டத்தில் அவருக்கு யாரும் இல்லை. கை நடுங்காமல் நியாயம் செய்தார். கீழ்க்கண்டம் வெகுதூரம் முந்தி வென்றது. அங்கே இன்னும் வயல் வைத்திருந்த குடும்பங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதன. போடியாரும் சிரித்துக்கொண்டு சம்மதம் என்றார். அவருக்கு இப்போது மேலேயும் வயல், கீழேயும் வயல்.

மசூர் குளக்கட்டிலிருந்து நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெளிவாகத் தெரியாது. ஒருவேளை, கடைசியில் சரியைச் செய்துவிட்டேன் என்று அவள் வாயால் கேட்க நினைத்திருக்கலாம். அவள் முற்றத்தில் நெல் குற்றிக்கொண்டிருந்தாள். சபூறா சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர் என்று அவர் சொன்னார். போன போகங்களுக்குப் பத்துக் கொட்டை வைத்தேன் என்றும் சொன்னார்.

ஸைனம்பு உலக்கையை நிறுத்தினாள்.

"போன வருசமும் இதே நியாயம்தானே காக்கா இரிந்த?"

"அப்ப அது உன்ட வயல் புள்ள," என்றார் மசூர்.

"ஓம்," என்றாள் அவள். "எனக்கு ஒரு காக்கா இல்லாம இரிந்திருந்தா, தண்ணி வந்திரிக்கும்."

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். நெல்லின் விலையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் உலக்கையை எடுத்தாள். போடியார் வீட்டுக்கு அந்தியாவதற்குள் அரிசி போகவேண்டியிருந்தது. சபூறா மாமாவைப் பார்க்காமல் புடைத்துக்கொண்டிருந்தாள். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

விதானையார் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனார். பின்னேரம் அவர் போய்த்தான் மடையைத் திறக்கவேண்டும். முதல் தண்ணீர் ஸைனம்பு எழுதிக் கொடுத்த வயலுக்கு.